போர்வைக்கு அடியில் ஒரு மண்ணீரல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் நர்சாக வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட டாக்டராகியிருக்கலாமே என்று ஏங்கியதில்லை. பின்னால் சொல்லப்போகிற சங்கதியைப் படித்துவிட்டு, "இந்தம்மாவுக்கு டாக்டர் நினைப்புதான்" என்று சொல்வதற்கு என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த முன்னெச்சரிக்கை. எனக்கு நர்ஸ் நினைப்புதான். அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

எழுதச் சொன்னது கவிதா. என் வார்டில் புதிதாக வந்து சேர்ந்து, இப்போது அதே வார்டுக்குப் பொறுப்பாக இருப்பவள். போன மாதம் போன் செய்தாள்.

"எஸ்தர் அக்கா, நர்ஸ் தினத்துக்கு ஒரு மலர் போடுறோம். நீங்க ஒரு கட்டுரை தரணும். அக்கா, இன்னொன்னு தெரியுமா? வார்டுக்குச் செல்போன் சைஸ்ல ஸ்கேன் மிஷின் வந்திருக்கு. வயித்துல வச்சா அம்புட்டும் தெரியுது. இந்தப் புள்ளைக எல்லாம் கேக்குதுக, முந்தியெல்லாம் வெறுங்கைய வச்சு என்னத்தக்கா கண்டுபுடிச்சாங்கன்னு."

என்னத்தக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன். என்னத்தைக் கோட்டை விட்டோம் என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

என் படிப்புக் கதை பெரிதாக ஒன்றுமில்லை. பரவையில் வீடு. அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மூன்றரை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி படுக்கை விரிப்பதுதான். மூலை மடிப்பு பிசகினால் எங்கள் டியூட்டர் மொத்தப் படுக்கையையும் உருவிப் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். அப்போது எரிச்சலாக வரும். ஆனால் துணியை எங்கே மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்கிற ஞானம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. வந்த ஞானத்தில் ஒரு ஓட்டை இருந்தது என்பது இருபது வருஷத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நான் இருந்தது எது என்று சொல்லப்போவதில்லை. பெண்கள் மருத்துவ வார்டு, முப்பது கட்டில், எந்நேரமும் நாற்பது நோயாளிகள். பி.ஜி. படிக்கிற டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு சீஃப்.

அந்த சீஃபைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குள்ளமான மனிதர், குரல் மட்டும் எட்டடி. காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் என்றால் எட்டு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். வந்ததும் என் மேஜையில் ஒரு டம்ளர் டீ வாங்குவார். குடிக்க மாட்டார். எவர்சில்வர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே முதல் கட்டிலுக்குப் போவார். புதிதாக வந்த பி.ஜி.க்கள் சாருக்கு டீ என்றால் உயிர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர் கையைச் சூடாக்கிக்கொண்டிருப்பார். குளிர்ந்த கை பட்டால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், இறுகிய வயிற்றில் ஒன்றும் தட்டுப்படாது. வயிற்றைப் பார்க்கும்போது "வலிக்குதா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. கை வயிற்றில் இருக்கும், கண் நோயாளியின் முகத்தில் இருக்கும். ஆறிப்போன டீயை ரவுண்ட்ஸ் முடிந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போவார்.

மண்ணீரல் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. மண்ணீரல் இடது விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பு. சரியான அளவில் இருந்தால் கைக்குத் தட்டுப்படாது. வீங்கினால் விலாவை விட்டு வெளியே வந்து, குறுக்காக வலது பக்க அடிவயிற்றை நோக்கி இறங்கும். அதனால் அவர் வலது அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில்தான் கையை வைப்பார். "மூச்ச இழுங்கம்மா" என்பார். மூச்சை விட்டதும் கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்துவார். மறுபடி மூச்சு, மறுபடி ஒரு விரற்கடை. இப்படியே இடது விலா வரைக்கும் போவார். நாலு பேர் காத்திருந்தாலும் சரி, நாற்பது பேர் காத்திருந்தாலும் சரி, அந்த வேகம் மாறாது.

"அது மேலருந்து கீழ இறங்கி வரும். நீ கீழருந்து மேல ஏறிப்போய் வழிய மறிக்கணும்" என்பார் பி.ஜி.க்களிடம். "நேரா விலா எலும்புக்குக் கீழ போய்க் கைய வச்சன்னா, வீங்குன மண்ணீரல் மேலேயே கைய வச்சுக்கிட்டு மண்ணீரலக் காணோம்னு சொல்லுவ. யானை முதுகுல உக்காந்துக்கிட்டு யானை எங்கன்னு தேடுற கதைதான்."

இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பரீட்சை நாட்களில் இன்னும் அதிகம். பரீட்சைக்கு நல்ல பெரிய மண்ணீரல் உள்ள நோயாளியைத் தேடிப்பிடித்து வரவழைப்பார்கள். எங்கள் ஊர் பரவையில் சோலை என்று ஒரு அண்ணன் இருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். பழைய மலேரியாவில் மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வந்துவிட்டது. மூட்டை தூக்கினால் கிழிந்துவிடும் என்று சீஃப் மிரட்டியதில் தராசுப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் எங்கள் பரீட்சைக்கு அவர்தான் மாப்பிள்ளை. சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி வந்து படுத்துக்கொள்வார். பரீட்சை அறையில் திரையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஒரு வருஷம் ஒரு மாணவன் பதற்றத்தில் நேராக விலாவில் கையை வைத்துவிட்டான். சோலை அண்ணன் கூரையைப் பார்த்தபடியே, "தம்பி, கீழருந்து வாங்க தம்பி. போன வருசமும் ஒருத்தர் இப்படித்தான் ஃபெயிலாப் போனாரு" என்றார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்த சிரிப்பில் அந்தப் பையனுக்குப் பாஸ் போட்டுவிட்டார்.

ஆக, நான் மண்ணீரல் பார்க்கப் படித்தவளில்லை. ஆனால் அதைப் பார்ப்பதை அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

இனி இந்தக் கதைக்கு வேண்டிய வியாதி. நம் ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் வேண்டும். வார்டில் பிளேட்லெட் என்றுதான் சொல்வோம். சிலருக்கு உடம்பின் காவல் படையே கெட்டுப்போய், சொந்தத் தட்டணுவை எதிரி என்று நினைத்து அடையாளம் போட்டுவிடும். அடையாளம் போட்டதையெல்லாம் மண்ணீரல் விழுங்கும். காலில் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தம், லேசாக இடித்தாலே நீலம், மாதவிலக்கு வந்தால் நிற்காது. இளம் பெண்களுக்கு அதிகம் வருவதால் என் வார்டில் அவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்போம். அதில் அடங்காதவர்களுக்குக் கடைசியில் மண்ணீரலையே எடுத்துவிடுவது உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தட்டணுவை விழுங்குவது மண்ணீரல்தான். ஆனால் இந்த வியாதியில் அது வீங்குவதில்லை. சீஃப் சொல்வார்: "திருடன் அவன்தான்யா. ஆனா தின்னு கொழுக்காத திருடன். இந்த வியாதின்னு நீ பேர் வச்ச ஆளுக்கு வயித்துல பெரிய மண்ணீரல் தட்டுப்பட்டுச்சுன்னா, வேற திருடனத் தேடு."

இருபது வருஷத்துக்கு முன்பு நஸீமா வந்தாள். பத்தொன்பது வயது, கோரிப்பாளையத்துப் பெண். அவளுடைய அத்தா மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். மாதவிலக்கு பன்னிரண்டு நாளாக நிற்காமல், முகம் வெளுத்து, இரண்டு கையிலும் நீலம் நீலமாக வந்து சேர்ந்தாள். பிளேட்லெட் குறைவு. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் தட்டணு உற்பத்தி சரியாக இருந்தது. அப்படியானால் உற்பத்தியானதை எதுவோ அழிக்கிறது. அந்த வியாதிதான் என்று முடிவானது. ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். கொஞ்சம் ஏறியது, வீட்டுக்குப் போனாள், இறங்கியது, திரும்பி வந்தாள். இப்படி மூன்றாவது முறை வந்தபோது முகம் ஸ்டீராய்டில் உப்பி, பூரி மாதிரி வட்டமாகிவிட்டது. கண் இரண்டும் அதற்குள் புதைந்து கிடந்தன. காலேஜை நிறுத்திவிட்டாள்.

மூன்று முறையும் கேஸ் ஷீட்டில் ஒரே வரி: மண்ணீரல் தட்டுப்படவில்லை. மருந்து கேட்காததால் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அறுவைக்கு முன்னால் வயிற்று ஸ்கேன் வேண்டும். அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரே ஒரு மிஷின், தேதி கிடைத்ததோ பதினெட்டு நாள் கழித்து. அதுவரைக்கும் கட்டிலை அடைத்துக்கொண்டு இருப்பானேன், வீட்டுக்கு அனுப்பு, ஸ்கேன் தேதிக்கு வரட்டும் என்று ஏற்பாடு. மறுநாள் டிஸ்சார்ஜ்.

இப்போது என் ஓட்டைக்கு வருகிறேன்.

பெண் நோயாளிகளின் மானத்தைக் காப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. டாக்டர் வயிற்றைப் பார்க்க வரும்போது நான் திரையை இழுத்து, போர்வையை அளவாக மடித்து, விலாவிலிருந்து தொப்புளுக்கு மேல் வரை ஒரு சாண் இடம் மட்டும் தெரியவிடுவேன். அதற்குக் கீழே ஒரு நூல் இறங்காது. நாடா முடிச்சு அவிழாது. "எஸ்தர் சிஸ்டர் இருந்தா பயமில்ல" என்று கோரிப்பாளையம், தத்தனேரிப் பக்கமெல்லாம் பெண்கள் பேசிக்கொள்வார்களாம். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. பி.ஜி.க்களும் பெரும்பாலும் பையன்கள். கூச்சத்தில், நான் திறந்துவிட்ட ஒரு சாணுக்குள் அவசரமாகக் கையை வைத்து எடுத்துவிடுவார்கள். சீஃப் தானே பார்க்கிற வயிறு என்றால் போர்வையை அவரே இறக்கிக்கொள்வார், ஆனால் பி.ஜி. 'தட்டுப்படவில்லை' என்று எழுதிவிட்ட வயிற்றை அவர் மறுபடி தொடுவதில்லை. கீழிருந்து வரவேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கீழே என் போர்வை இருந்தது. சோலை அண்ணனுக்குப் போர்வை கிடையாது. பெண்களுக்கு இருந்தது. இந்த வித்தியாசத்தை நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் காலை இட்லி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களின் பசி எப்படிப்பட்டது என்று எந்த நர்சைக் கேட்டாலும் சொல்வாள். பக்கத்துக் கட்டில்காரியின் தட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். நஸீமாவின் தட்டில் ஒன்றரை இட்லி அப்படியே இருந்தது.

"என்னம்மா, சாப்புடலையா?" என்றேன்.

அவளுடைய அம்மா பதில் சொன்னார். "பசி பசின்னு பறக்குறா சிஸ்டர். தட்டக் கையில குடுத்தா ரெண்டு வாய் தின்னுட்டு வயிறு முட்டிருச்சுங்கிறா. நோம்புக் கஞ்சி ஒரு டம்ளர் முழுசாக் குடிக்க மாட்டேங்கிறா."

பசி இருக்கிறது, இடம் இல்லை. அது எனக்கு உறுத்தியது.

பத்து மணிக்கு அவளுக்கு உடம்பு துடைத்துவிடப் போனேன். ரத்தம் போய்ப் போய் எழுந்து நிற்கவே தள்ளாடுவாள், குளிக்க முடியாது. வெந்நீர், இரண்டு துண்டு, திரை. முகம், கை, முதுகு முடித்து, சுடிதார் நாடாவை அவிழ்க்கக் கையை வைத்தேன். முடிச்சு நடுவில் இல்லை. வலது இடுப்பின் ஓரத்தில் இருந்தது.

"என்ன புள்ள, முடிச்ச இங்க கொண்டுபோய்ப் போட்டிருக்க?"

"நடுவுல போட்டா அமுக்குது சிஸ்டர். இடது பக்கமும் அமுக்குது. இந்தப் பக்கம்தான் சும்மா இருக்கு."

"எம்புட்டு நாளா?"

"ரொம்ப நாளா. பிளஸ் டூ படிக்கையிலருந்தே."

நாடாவை இறக்கினேன். வயிற்றின் இடது பாதி வலது பாதியைவிட மேடாக இருந்தது. ஸ்டீராய்டுத் தொப்பை என்றால் இரண்டு பக்கமும் சமமாகத்தானே வர வேண்டும்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். வெந்நீரில் இருந்த கை, சூடாகவே இருந்தது. வலது அடிவயிற்றில் வைத்தேன். "மூச்ச இழு" என்றேன். ஒன்றுமில்லை. ஒரு விரற்கடை. மறுபடி மூச்சு. மூன்றாவது மூச்சில் தொப்புளுக்கும் கீழே, ஏதோ ஒரு விளிம்பு இறங்கி வந்து என் ஆள்காட்டி விரலில் முட்டியது. மூச்சை விட்டாள், அது பின்வாங்கியது. இழுத்தாள், மறுபடி வந்து முட்டியது.

மூன்று முறை இந்த வார்டில் படுத்து எழுந்தவள் இவள். மூன்று முறையும் போர்வை மடித்தவள் நான்.

மத்தியானம் பி.ஜி. டாக்டர் கார்த்திக்கைப் பிடித்தேன். கெட்டிக்காரப் பையன், பகலெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பான். நான் சொன்னதும் முகம் சுருங்கியது.

"சிஸ்டர், ஸ்டீராய்டு போட்டா தொப்பை வரத்தான் செய்யும். நானே பாத்திருக்கேன், மண்ணீரல் இல்ல."

"எங்கருந்து பாத்தீங்க சார்?"

"கேஸ் ஷீட்ல மூணு தடவை எழுதியிருக்கு சிஸ்டர்."

"மூணு தடவை எழுதியிருக்கு சார். ஒரு தடவைதான் பாத்திருக்கு. மத்த ரெண்டும் முத தடவையப் பாத்து எழுதுனது."

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. அவன் கோபத்தோடு போய்விட்டான். நான் நினைத்தது தப்பாக இருந்தால் நர்ஸ் டாக்டர் வேலை பார்க்கிறாள் என்று எனக்கு மெமோ வரும். சரியாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நஸீமாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் பெரிய டாக்டர் வரும்போது போர்வைய வழக்கத்தவிடக் கீழ இறக்குவேன். நாடாவையும் தளர்த்தணும். திரை போட்டிருக்கும். சம்மதமா?"

"நீங்க நிப்பீங்கள்ல?"

"இங்கயேதான் நிப்பேன்."

"அப்பச் சரி சிஸ்டர்."

மறுநாள் எட்டு ஐம்பத்தெட்டு. செருப்புச் சத்தம். அன்றைக்கு டீயை நான் கொதிக்கக் கொதிக்க வாங்கி வைத்திருந்தேன். சீஃப் டம்ளரை உருட்டிக்கொண்டே வந்தார். நஸீமாவின் கட்டிலில் கார்த்திக், "பிளான் டிஸ்சார்ஜ் சார், ஸ்கேனுக்கு டேட் குடுத்தாச்சு" என்றான். சீஃப் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். நான் திரையை இழுத்தேன். அடுத்த கட்டிலுக்குப் போகிற வழியை மறித்து, அவரையும் கார்த்திக்கையும் உள்ளே வைத்தே இழுத்துவிட்டேன். வேறு வழியில்லை. பிறகு நெஞ்சுக்கு ஒரு போர்வை, தொடைக்கு ஒரு போர்வை என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் வயிறு முழுவதையும் திறந்துவிட்டேன்.

சீஃப் என்னைப் பார்த்தார். டம்ளரைக் கார்த்திக்கின் கையில் கொடுத்தார். கட்டிலின் வலது பக்கம் குனிந்து, அடிவயிற்றில் கையை வைத்தார்.

"மூச்ச இழும்மா."

மூன்றாவது மூச்சில் அவர் கை நின்றது. கண் நஸீமாவின் முகத்தை விட்டு நகரவில்லை. அப்படியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு விலா வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"போர்வைய இறக்குனது யாரு?" என்றார்.

"நான்தான் சார். இம்புட்டு நாளா மூடி வச்சதும் நான்தான்."

அவர் கார்த்திக்கைத் திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தோம். திட்டவில்லை. கார்த்திக்கின் கையைப் பிடித்து, விளிம்பின் மேல் வைத்து, "உணர்றியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா சார்" என்றான். பிறகு கேஸ் ஷீட்டை வாங்கி, அந்த வரியை அடித்து, தன் கையாலேயே புதிதாக எழுதினார். கீழே இன்னொரு வரி: நானும் பார்க்கத் தவறினேன். கையெழுத்து. அத்தனை வருஷத்தில் ஒரு சீஃப் அப்படி எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நஸீமாவின் அம்மா பக்கம் திரும்பினார். "பொறந்தப்ப இவளுக்குத் தொப்புள்ல சீழ் புடிச்சுச்சா?"

அந்த அம்மா திகைத்துப்போனார். "ஆமா சார். பொறந்த ஒரு வாரத்துல. ரொம்பக் கஷ்டப்பட்டுப் பொழச்சா. அது ஒங்களுக்கு எப்படிச் சார் தெரியும்?"

"எப்பவாவது வெளிக்குக் கருப்பாப் போயிருக்கா?"

"போன நோம்புல ரெண்டு நாள் போச்சு சார். பேரீச்சம்பழம் நெறையச் சாப்புட்டா, அதுனாலன்னு விட்டுட்டோம்."

"பேரீச்சம்பழம் இல்லம்மா, அது ரத்தம்" என்றார் சீஃப். டிஸ்சார்ஜை நிறுத்தினார். அன்றைக்கே ஸ்கேன் அறைக்கு அவரே நடந்து போய் நின்று எடுக்க வைத்தார்.

காவல் படை கெட்டுப்போன வியாதியே இல்லை அது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய், பிறந்த வாரத்துத் தொப்புள் சீழினால் அப்போதே அடைபட்டிருந்தது. போக வழியில்லாத ரத்தம் தேங்கித் தேங்கி மண்ணீரலை வீங்க வைத்துவிட்டது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தனக்குள் அடைத்து வைத்துக்கொண்டது. அதே ரத்தம் உணவுக்குழாயின் அடியிலும் நரம்புகளைப் புடைக்க வைத்திருந்தது. அதில் ஒன்று என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கலாம். நாங்கள் மாதக்கணக்காக வேண்டாத மாத்திரையைக் கொடுத்து முகத்தை உப்ப வைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனில் எப்படியும் தெரிந்திருக்குமே சிஸ்டர் என்று இப்போதைய பிள்ளைகள் சொல்லலாம். தெரிந்திருக்கும். பதினெட்டாவது நாளில் தெரிந்திருக்கும். அவள் ரத்த வாந்தி எடுத்தது மூன்றாவது நாளில்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். "சிஸ்டர்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. தட்டு, தலையணை, தரை எல்லாம் சிவப்பு. ஆனால் நாங்கள் தயாராக இருந்தோம். சீஃப் சொன்னபடி இரண்டு கையிலும் ஊசிக்குழாய் போட்டு வைத்திருந்தேன். இரண்டு பாட்டில் ரத்தம் பொருத்தம் பார்த்து எடுத்து வைத்திருந்தது. ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துகிற ஊசி மருந்து என் மேஜை டிராயரில் இருந்தது. நஸீமாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் இருந்ததைத் துடைத்து எடுத்தேன். கார்த்திக் அடுத்த வார்டிலிருந்து ஓடி வந்தான். ரத்தப் பாட்டிலை மாட்ட ஸ்டாண்ட் தேடிக்கொண்டிருக்காமல் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிராலியோடு எண்டோஸ்கோப்பி அறை வரைக்கும் ஓடினான். புடைத்திருந்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள்.

அன்றைக்கு அவள் வீட்டில் இருந்திருந்தால், கோரிப்பாளையத்தில் அவர்கள் சந்துக்குள் ஆட்டோ வந்து, சிக்னலில் நின்று, எங்களிடம் வந்து சேர்வதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. நானும் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்பார்கள். வேலையை முடித்துவிட்டு அழலாம்.

சில மாதம் கழித்து அவளுக்கு அறுவை நடந்தது. வெறுமனே மண்ணீரலை எடுத்துவிட்டு மூடாமல், தேங்கிய ரத்தம் போக மாற்றுவழியும் செய்தார்கள். மண்ணீரலுக்குப் போகிற ரத்தநாளத்தைத்தான் அந்த மாற்றுவழிக்குப் பயன்படுத்தினார்களாம். வியாதி தெரியாமல் மண்ணீரலை மட்டும் எடுத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுப்போயிருக்கும் என்று சீஃப் பிறகு எனக்கு விளக்கினார்.

அவர் அதோடு விடவில்லை. நஸீமா ரத்த வாந்தி எடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே பி.ஜி.க்கள் அத்தனை பேரையும் வார்டில் நிறுத்தி, "சிஸ்டர், போர்வை எப்படிப் போடணும்னு இவங்களுக்குக் காட்டுங்க" என்றார். காட்டினேன். நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று. நடுவில் வயிறு முழுதாக. முதலில் திரை, அதற்கும் முதலில் நோயாளியிடம் கேட்பது. மானமும் போகக்கூடாது, மண்ணீரலும் தப்பக்கூடாது. எம்.டி. படிக்கிற பதினோரு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தை நான்தான் எடுத்தேன். எனக்கு வந்த நற்சான்றிதழ்கள் பீரோவில் எங்கேயோ கிடக்கின்றன. இந்தத் திங்கட்கிழமைகளைத்தான் நான் பெருமையாக நினைக்கிறேன். கார்த்திக் இப்போது சீஃப். அவனும் டீ டம்ளரை உருட்டுகிறானாம், கவிதா சொன்னாள்.

கவிதா, உன் ஸ்கேன் மிஷின் நல்ல மிஷின்தான். எனக்குப் பொறாமை இல்லை. அன்றைக்கு அது என் கையில் இருந்திருந்தால் நஸீமா ஒரே முறையோடு தப்பியிருப்பாள். ஆனால் அதையும் போர்வைக்கு மேலே வைத்துப் பார்க்க முடியாது. யாராவது போர்வையை இறக்க வேண்டும். அது உன் வேலை. யாரிடமும் விட்டுக்கொடுக்காதே.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நின்றது. ரோட்டோரம் புர்கா போட்ட ஒரு பெண், கையில் ஸ்கூல் பையோடு ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள். ஒடுக்கமான முகம், எடுப்பான மூக்கு. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"சிஸ்டர், என்னத் தெரியலையா?"

எத்தனையோ பேர் இப்படி வந்து கேட்பார்கள். தெரிந்த மாதிரி சிரிப்பதுதான் வழக்கம். சிரித்தேன்.

பச்சை விழுந்துவிட்டது. ஆட்டோக்காரர் உறுமினார். அவள் கம்பியை விடவில்லை. நடுரோடு என்றும் பாராமல், சத்தமாகச் சொன்னாள்:

"சிஸ்டர், இப்ப நடுவுலதான் முடிச்சுப் போடுறேன்."